பின்சீட்டில் இருந்தவர்கள்

நவம்பர் 3, ஞாயிறு

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். நத்தம் சாலையில் சாணார்பட்டி தாண்டி ஒரு டீக்கடை வரை போய்த் திரும்பினேன். முப்பத்தெட்டு கிலோமீட்டர். இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த சாலை, இரண்டு பக்கமும் மாந்தோப்பு. எதிரில் ஒரு பால் வண்டியும் ஒரு பேருந்தும் வந்தன. மற்றபடி சங்கிலி ஓடும் சத்தம் மட்டும்தான். அந்தச் சாலை மெல்ல ஏறும், மெல்ல இறங்கும். ஏறும்போது மூச்சு வாங்குவது எனக்குப் பிடிக்கும். வேறு எதையும் நினைக்க அப்போது இடமிருக்காது.

சிறுமலைக்குப் பிரியும் இடத்தில் வழக்கம்போல நேராகப் போய்விட்டேன். மலையின் பாதிக்கு மேல் மேகம்.

வீட்டுக்கு வந்து குக்கருக்கு காஸ்கெட் மாற்றினேன். இந்த வாரம் என் கணவர் தூத்துக்குடியிலிருந்து வரவில்லை. தாரணி கோவையிலிருந்து போன் செய்தாள். "சாப்பிட்டியாம்மா?" என்று இப்போதெல்லாம் அவள்தான் என்னைக் கேட்கிறாள்.

நவம்பர் 7, வியாழன்

ஏற்றத்தில் மிதித்தால் சங்கிலி பல் தாவுகிறது. அலுவலகம் முடிந்து சையது அண்ணன் கடைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனேன். கடைச் சுவரில் நீளமாக ஒரு சைக்கிள் தொங்கியது. இரண்டு சீட், இரண்டு ஹேண்டில்பார், இரண்டு ஜோடி பெடல்.

"அது பேங்க் மேடத்தோடது. ஜெசிந்தா மேடம். அவங்களுக்குக் கண்ணு தெரியாது. முன்னாடி உக்காந்து ஓட்டுன சேவியர் சாருக்கு நாக்பூருக்கு மாத்தலாயிருச்சு. ஆறு மாசமா தொங்குது."

"பாவம்" என்றேன்.

"பாவமா? ஒருவாட்டி அவங்ககிட்ட பேசிப் பாருங்க. அப்புறம் யாரு பாவம்னு சொல்லுங்க."

என் நம்பரை அவளிடம் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுங்கள் என்றேன். ஏன் சொன்னேன் என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு வயது. வங்கியில் கடன் பிரிவில் வேலை. ஆறு வயதில் பார்வை போயிருக்கிறது. என் குரல் வந்த திசையில் கையை நீட்டி என் தோளைத் தொட்டாள். முதல் கேள்வியே, "உங்க வெயிட் என்னக்கா?"

"அறுபத்தெட்டு."

"உண்மையைச் சொல்லுங்க. பின்னாடி உக்காந்து இழுக்கப்போறது நான்."

"எழுபத்தி ரெண்டு."

"இப்ப சரி."

இந்தச் சைக்கிளில் இருவர் பெடலும் ஒரே ஓட்டமாகப் பிணைந்திருக்கின்றன. நான் நிறுத்தினால் அவள் கால் நிற்கும். அவள் அழுத்தினால் என் கால் ஓடும். ஹேண்டிலும் கியரும் பிரேக்கும் என்னிடம். அவளுடைய ஹேண்டில் வெறும் பிடிமானம்தான். அதனால் முன்னால் இருப்பவர் எல்லாவற்றையும் கூவிச் சொல்ல வேண்டும். மேடு, பள்ளம், வலது, இடது, கியர், பிரேக்.

"நான் சும்மா உக்காந்துட்டு வர்ற ஆளு இல்ல" என்றாள். "என்ன வருதுன்னு சொன்னா என் காலும் இடுப்பும் தயாரா இருக்கும். சொல்லலைன்னா நான் பின்னாடி கட்டுன மூட்டை."

கிளம்பும்போது ஒருமுறை சாய்ந்து விழுந்தோம். இரண்டாவது முறை ஓடியது. நான் பதினாறு கிலோமீட்டர் கூவிக்கொண்டே போனேன். தொண்டை கட்டிவிட்டது.

ஜனவரி 19 ஞாயிறன்று ஊரிலிருக்கும் சைக்கிள்காரர்கள் எல்லாரும் சேர்ந்து சிறுமலைக்கு ஏறி இறங்குகிறார்களாம். பதினெட்டு கொண்டை ஊசி வளைவு. போய்வர ஐம்பத்தாறு கிலோமீட்டர். "அதுக்குத்தான் எனக்கு ஆள் வேணும்" என்றாள்.

"ஏறிடலாம்" என்றேன்.

"ஏர்றது கிடக்கட்டும். பஸ்லகூட ஏறலாம். எனக்கு இறங்கணும். மலையிலருந்து பஸ்ல இறங்குறப்ப ஒவ்வொரு வளைவுலயும் யாராவது என் தோளைப் புடிச்சுக்குவாங்க. விழுந்துருவேன்னு. வேகம்னா என்னன்னு இந்த முப்பத்தி நாலு வயசுல ஒருவாட்டிகூட எனக்குத் தெரியாது. யாரும் தோளைப் புடிக்காம ஒரு மலை இறங்கணும்."

சரி என்றேன்.

நவம்பர் 12, செவ்வாய்

தொடை இரண்டும் பலகை. மண் பரிசோதனை நிலையத்தில் இன்று அறுபத்து நான்கு மாதிரிகள். விரலில் வைத்துத் தேய்த்தாலே எவ்வளவு மணல், எவ்வளவு களி என்று எனக்குத் தெரிந்துவிடும். இருந்தாலும் எல்லாவற்றையும் சல்லடையில் போட்டுத்தான் எழுத வேண்டும்.

நவம்பர் 24, ஞாயிறு

இரண்டு வாரமாக நன்றாகப் போகிறது. இன்று கரந்தமலைப் பக்கம் நாற்பது கிலோமீட்டர். சின்னச் சின்ன ஏற்றங்கள். ஜெசிந்தாவின் கால் வலுவானது. ஏற்றத்தில் யாரோ கை வைத்துத் தள்ளுவதுபோல இருக்கிறது. நான் கூவுவதும் சுருங்கிவிட்டது. "பள்ளம், சின்னது" என்றால் போதும். நடுவே வாயாடுகிறோம். ஆட்டுக் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. "ஆடு" என்றேன். "எத்தனை?" என்றாள். இருபத்தேழு என்று எண்ணிச் சொன்னேன். "முப்பது இருக்கும், குட்டிகளை விட்டுட்டீங்க" என்றாள். தாண்டிப்போனபின் மேய்த்தவரைக் கூப்பிட்டுக் கேட்டோம். முப்பத்தொன்று.

இறக்கங்களில் மட்டும் நான் சற்று நிதானமாகப் போகிறேன். இரண்டு வருடம் முன்பு சிறுமலை ஏழாவது வளைவில் ஸ்கூட்டர் மணலில் சறுக்கியதிலிருந்து அப்படி ஒரு பழக்கம். அன்று பின்னால் தாரணி இருந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்தது. மண்டல பேட்மிண்டன் போட்டிக்கு அப்போது பத்து நாள் இருந்தது. பிறகு அவள் விளையாடப் போகவில்லை, படிப்பில் இறங்கிவிட்டாள். அதுவும் நல்லதுதான்.

டிசம்பர் 1, ஞாயிறு

"அக்கா, இறக்கத்துல மட்டும் வண்டி ஏன் அழுகுது?"

"பிரேக் கட்டை புதுசு, ஜெசி. தேயணும்."

"சேவியர் சார் இருந்தப்பவும் புதுசாத்தான் இருந்துச்சு."

துணி காயவில்லை. மூன்று நாளாக மழை.

டிசம்பர் 8, ஞாயிறு

மழை. போகவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

முதல்முறையாகச் சிறுமலைச் சாலையில் ஏறினோம். ஐந்தாவது வளைவு வரை போய்த் திரும்பலாம் என்று திட்டம். ஏறியது அருமை. சோதனைச்சாவடி தாண்டியதுமே குளிர்ந்துவிட்டது. ஈரப் பாறை, மூங்கில், எங்கோ கீழே தண்ணீர். ஒவ்வொரு வளைவிலும் எழுதியிருக்கும் எண்ணை வாசித்துச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் "வாங்க வாங்க" என்று கல்யாண வீட்டில் வரவேற்பதுபோல் சொன்னாள்.

இறங்கும்போது மூன்றாவது வளைவு தாண்டி டயர் வெடித்தது. வெடி போட்ட மாதிரி சத்தம். பின்சக்கரம் தடதடவென்று ஆடியது. விழவில்லை, எப்படியோ ஓரமாக நிறுத்திவிட்டேன்.

"என்னாச்சுக்கா?"

"கல்லு, ஜெசி. கூரா ஒரு கல்லு."

"நீங்க கல்லுன்னு கூவலையே."

"கவனிக்கலை."

அவள் இறங்கிப் பின்சக்கரத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "சரி, பரவால்ல" என்றாள்.

மலைவாழைத் தார் ஏற்றி வந்த வண்டிக்காரர் எங்களையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டார். தார்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தோம். என் இரண்டு உள்ளங்கையும் சிவந்து கிடந்தன.

டிசம்பர் 16, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் சையது அண்ணன் கடையில் ஜெசிந்தாவும் இருந்தாள். அண்ணன் டயரைக் கழற்றி உள்ளே விரல் விட்டுத் தடவினார். திருப்பிப் பார்த்தார். ரிம்முக்குள் ஓடும் ரப்பர் நாடாவை உருவி எடுத்தார். அது இளகிச் சுருங்கியிருந்தது.

"டயர்ல ஒரு கீறல் இல்ல. கல்லும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. பிரேக்கை விடவே இல்ல நீங்க. ரெண்டு ஆள் வெயிட்டு, இறக்கம் பூராவும் கட்டை உரசிக்கிட்டே வந்தா ரிம் கொதிக்கும். ட்யூப் தாங்காது, வெடிச்சிரும். பயந்து புடிச்சிக்கிட்டே வந்தீங்கன்னா அதுதான் ஆபத்து. நல்லா அமுக்கணும், உடனே விடணும். அமுக்கணும், விடணும். மூணு வளைவுக்கு ஒருதரம் நின்னு ரிம்மைத் தொட்டுப் பாக்கணும்."

ஜெசிந்தா கையை நீட்டி அந்த நாடாவை வாங்கினாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் பார்த்தாள்.

"அக்கா, அந்தக் கல்லு பெருசா, சின்னதா?"

நான் கழற்றிப் போட்ட டயரைப் பார்த்தேன்.

"எங்க வீட்ல எது நடந்தாலும் 'ஒண்ணுமில்ல ஜெசி'ம்பாங்க. பால் பொங்கி வழிஞ்சாலும் ஒண்ணுமில்ல. எங்கப்பா இறந்தன்னைக்கும் ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணுமில்லதான். கூட்டமா ஆளுங்க வந்து நிக்கிறாங்க, எனக்கு மட்டும் ஒண்ணுமில்ல. இந்தச் சைக்கிள்ல ஏறுனதே அதுலருந்து தப்பிக்கத்தான். முன்னாடி இருக்கறவங்க எல்லாத்தையும் சொல்லியே ஆகணும்ல, அதுக்காக." நாடாவை மேசைமேல் வைத்தாள். "வேற ஆள் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள். சையது அண்ணன் ஸ்பேனர்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 19, வியாழன்

மாதிரிகள் நாற்பத்தொன்று. தலைவலி.

டிசம்பர் 22, ஞாயிறு

தனியாகச் சாணார்பட்டி வரை போனேன். பழக்கத்தில் "பள்ளம்" என்று கூவினேன். கீரை விற்கப் போன அம்மா திரும்பிப் பார்த்தார்.

வந்து எழுதுகிறேன். அன்று, ஸ்கூட்டர் விழுந்த அந்த வளைவில் மணல் இல்லை.

எதுவுமே இல்லை. எதிரில் வண்டி வரவில்லை, நாய் வரவில்லை, ஹாரன் அடிக்கவில்லை. சாலை காய்ந்து சுத்தமாக இருந்தது. வளைவில் திரும்பும்போது கீழே பள்ளத்தாக்கு முழுவதும் ஒரேயடியாகத் தெரிந்தது. கை தானாக முன்பிரேக்கை இறுக்கியது. அவ்வளவுதான். மருத்துவமனையில் "எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார்கள். "மணல்" என்றேன். வீட்டில் அவர் கேட்டார், மணல். அலுவலகத்தில், மணல். என் டைரியிலும் மணல்தான். மண்ணைச் சலித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

அவரோ சும்மா இருக்கவில்லை. அந்த வளைவில் மணல் கொட்டிக் கிடப்பதாகத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தார். திரும்பத் திரும்பக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து அங்கே மஞ்சள் பலகை வைத்துவிட்டார்கள். "மணல் சறுக்கும். மெதுவாகச் செல்லவும்." படம் எடுத்துவந்து எனக்குக் காட்டினார். நல்ல மனிதர்.

டிசம்பர் 24, செவ்வாய்

தாரணி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். மாடியில் துணி உலர்த்தினோம். ஈரப் போர்வையைக் கொடியில் போட இடது கையைத் தூக்கினாள். வலது கை தோளுக்குமேல் கொஞ்சம்தான் போகிறது. நான் எப்போதும் அந்த நேரத்தில் வேறெங்காவது பார்ப்பேன். இன்று பார்த்தேன்.

"தாரணி, அன்னைக்கு ரோட்டுல மணல் இல்லம்மா."

அவள் போர்வையின் சுருக்கத்தை இழுத்துவிட்டாள்.

"தெரியும்மா."

"எப்படித் தெரியும்?"

"பின்னாடி உக்காந்திருந்தேன்ல. விழறதுக்கு முன்னாடியே உன் முதுகு இறுகிருச்சு. விழப்போறோம்னு உனக்கு முன்னாடி எனக்குத் தெரியும்."

"ஏண்டி சொல்லல?"

"நீதான் அவ்வளவு உறுதியா மணல்னு சொன்னியே. அப்பா வேற மனு மேல மனுவா எழுதிட்டிருந்தாரு." கிளிப்பை வாயில் கவ்வியபடியே சிரித்தாள். பிறகு கிளிப்பை எடுத்துவிட்டு, "ஆனா ஒண்ணும்மா. ஒரு வருஷம் உன்மேல கோவமா இருந்தேன். விழுந்ததுக்கு இல்ல. நீ என்னைக்காவது சொல்லுவேன்னு பாத்துட்டே இருந்தேன்" என்றாள்.

வாளியில் இன்னும் நாலு துணி இருந்தது. உலர்த்தினோம். கீழே வந்ததும் வெங்காய பஜ்ஜி வேண்டும் என்றாள். போட்டுக்கொடுத்தேன். பதினாலு சாப்பிட்டாள்.

டிசம்பர் 26, வியாழன்

மதிய இடைவேளையில் வங்கிக்குப் போனேன். ஜெசிந்தா மேசையில் கிறிஸ்துமஸ் கேக் டப்பா திறந்திருந்தது. என் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டாள். "உக்காருங்கக்கா. கேக் எடுத்துக்கங்க. எங்க அண்ணி செஞ்சது, கொஞ்சம் கெட்டியா இருக்கும்."

கல் இல்லை என்பதில் ஆரம்பித்து மணல் இல்லை, மஞ்சள் பலகை, தாரணியிடம் ஒப்புக்கொண்டது வரை சொன்னேன். அவள் விரல்களைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தாரணி என்ன சொன்னா?"

"தெரியும்னா."

"தெரியாம என்ன? பின்னாடி உக்காந்தா முன்னாடி இருக்கறவங்க முதுகுதான் எங்களுக்கு டிவி."

வேறு ஆள் கிடைத்ததா என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தரு ஏர்றதுக்கு முன்னாடியே 'கவலைப்படாதீங்க மேடம், எல்லாம் நான் பாத்துக்கறேன்'னாரு. அப்பவே இறங்கிட்டேன். இன்னொருத்தரு நல்லாத்தான் ஓட்டுனாரு. வாயே திறக்கல. மாட்டு வண்டில போற மாதிரி இருந்துச்சு." கேக்கை உடைத்துப் பாதியை என் பக்கம் தள்ளினாள். "ஒரு கண்டிஷன். மேடு பள்ளம் கூவற மாதிரி பயத்தையும் கூவணும்."

"அதை என்னன்னு கூவறது?"

"பயம்னே கூவுங்க. கேட்டா நான் என்ன, இறங்கி ஓடிருவேனா?"

கேக் உண்மையிலேயே கெட்டி.

ஜனவரி 5, ஞாயிறு

ஐந்தாவது வளைவு வரை ஏறி இறங்கினோம். அமுக்கு, விடு. அமுக்கு, விடு. ஏழு முறை "பயம்" என்று கூவினேன். ஒவ்வொரு முறையும் அவள் "சரி" என்றாள், பேருந்தில் கண்டக்டர் சொல்வதுபோல.

நின்று ரிம்மைத் தொட்டுப் பார்ப்பது அவள் வேலை. புறங்கையால் தொட்டுச் சூட்டுக்கு அவளாகவே பெயர் வைத்துவிட்டாள். டீ கிளாஸ் என்றால் போகலாம். இட்லிப் பானை என்றால் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். தோசைக்கல் என்றால் பதினைந்து நிமிடம். இன்று எல்லா இடத்திலும் தோசைக்கல்.

ஜனவரி 11, சனி

அவர் பொங்கலுக்கு வந்துவிட்டார். தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது சொன்னேன். துருவுவதை நிறுத்தவில்லை. முழுமூடியும் முடிந்தபின் கேட்டார், "அப்ப அந்த போர்டு?"

"ஆமாங்க."

துருவலைக் கிண்ணத்தில் கொட்டினார். "இருக்கட்டும். என்னைக்காவது மணல் வரும்."

பிறகு, பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, "என்கிட்ட சொல்லியிருக்கலாம் சுகந்தி" என்றார். கழுவி வைத்த தட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தார்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கல் முடிந்தது. இட்லிக்கு ஊறப்போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

ஜனவரி 19, ஞாயிறு

மதியம் ஒரு மணிக்குள் வந்தவர்கள் பெயரைத்தான் எழுதுவார்கள். நாங்கள் திண்டுக்கல் வந்து சேர்ந்தபோது இரண்டு பத்து. மேசை நாற்காலிகளை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆகவே பட்டியலில் நாங்கள் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம், நாற்பது பேர். பிரிவு வந்ததும் வலது பக்கம் திரும்பினேன். ஏறும்போதே எல்லாரும் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். போகும்போது ஒவ்வொருவரும் "சூப்பர் மேடம்" என்றார்கள். பன்னிரண்டாவது சூப்பருக்கு ஜெசிந்தா, "இவங்க எல்லாம் மூச்சை மிச்சம் புடிச்சு மேல ஏறலாம்ல" என்றாள். பத்தாவது வளைவில் காட்டெருமை சாணம் கிடந்தது. சொன்னேன். "பழசா புதுசா?" என்றாள். புதுசு. அடுத்த இரண்டு வளைவுகள் எங்கள் வேகம் பிரமாதம்.

பத்து நாற்பதுக்கு மலைமேலிருக்கும் புதூர். வாழையிலையில் வெண்பொங்கலும் ஒரு மலைப்பழமும் கொடுத்தார்கள். நடத்துபவர்களில் ஒருவர் எங்களிடம் வந்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஜெசிந்தா கையில் கொடுத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் ஏறி வந்ததே பெரிய விஷயம் மேடம். இறக்கத்துல ரிஸ்க் வேணாம். வேன் இருக்கு, சைக்கிளை மேல கட்டிரலாம். அரை மணி நேரத்துல கீழ."

ஜெசிந்தா முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். வேனின் கதவு திறந்திருந்தது. உள்ளே நீல உறை போட்ட சீட். ஏறி உட்கார வேண்டும்போல் இருந்தது. அவளைக் கூட்டிக்கொண்டு ஏறியிருந்தால் அவள் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டாள். கீழே வந்ததும் நன்றி சொல்லிவிட்டு, இனி ஒருபோதும் என்னோடு வரமாட்டாள்.

"ஜெசி" என்றேன். "பயம்."

"எவ்வளவு?"

"தோசைக்கல்லு."

"அப்ப நடப்போம்" என்றாள். அந்த ஆளிடம், "அண்ணே, தள்ளிட்டுப் போகக்கூடாதுன்னு சட்டம் ஏதும் இருக்கா?" என்று கேட்டாள்.

"அப்படியெல்லாம் இல்ல மேடம், ஆனா—"

"அப்ப வேனைக் கிளப்பிட்டுப் போங்க. எங்களுக்காக நிக்க வேணாம்."

வளைவுகளின் எண் கீழிருந்து மேலே போகிறது. ஆகவே எங்களுக்கு முதல் வளைவு பதினெட்டு. அதிலும் பதினேழிலும் பதினாறிலும் தள்ளிக்கொண்டே நடந்தோம். அவள் பின்சீட்டில் கை வைத்துக்கொண்டு வந்தாள். வேன் எங்களைத் தாண்டிப் போனது. அதன்பின் சாலையில் எவருமில்லை. காபிச் செடிகளுக்குள் யாரோ யாரையோ கூப்பிடும் குரல் மட்டும்.

பதினாறு முடிந்ததும் நின்றேன். "ஏறு ஜெசி" என்றேன். ஏறினாள்.

அமுக்கு, விடு. "இடது, பயம்." "சரி." "வலது, பயம்." "சரி." பன்னிரண்டில் நின்று ரிம்மைத் தொட்டாள். தோசைக்கல். பாறையில் உட்கார்ந்து ஆளுக்கொரு மலைப்பழம். ஒன்பதில் இட்லிப் பானை.

ஏழில் மறுபடி இறங்கினேன். "பயம், தள்ளிட்டுப் போவோம்" என்று சொன்னேன். தள்ளிக்கொண்டு வளைவைத் திரும்பினோம். மஞ்சள் பலகை நின்றது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். வாசித்தேன்.

"இதுதானா அது?" கையை நீட்டிக் கண்டுபிடித்து விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினாள். "மாமா நல்ல தகரமாத்தான் வாங்கிக் குடுத்திருக்காரு." சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. எனக்கும் தொற்றிக்கொண்டது. நடுச் சாலையில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கீழே பள்ளத்தாக்கு அப்படியே இருந்தது. அன்று பார்த்த அதே பள்ளத்தாக்கு. சாலை இன்றும் சுத்தமாகத்தான் இருந்தது. குனிந்து பார்த்தேன்.

அங்கிருந்து ஏறிக்கொண்டோம். ஆறு. ஐந்து. காற்று காதில் அடித்தது. நாலில் அவள் ஏதோ சத்தம் போட்டாள், வார்த்தை இல்லை. திரும்பிப் பார்க்க முடியாது, என்னாச்சு என்று கேட்டேன். "ஒண்ணும்—" என்று ஆரம்பித்து, "கையை விட்டுட்டேன்க்கா!" என்றாள். இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து எடுத்துவிட்டாளாம். பிடி என்று திட்டினேன். பிடித்தாளா தெரியாது. என் தோளில் எதுவும் படவில்லை. புளியமரங்கள் வந்தன. வெயில் வந்தது. நிழல், வெயில், நிழல் என்று சாலை ஓடிக்கொண்டே இருந்தது.

சோதனைச்சாவடியின் தடுப்புக் கம்பி தெரிந்ததும் நிறுத்தினேன்.

"ஏன்க்கா நிறுத்திட்டீங்க?" என்றாள். "ரிம் பாக்கணுமா?"

"மலை முடிஞ்சிருச்சு ஜெசி."

"முடிஞ்சிருச்சா? மூணு எங்க? ரெண்டு, ஒண்ணு?"

யோசித்துப் பார்த்தேன். திரும்பியிருக்கிறோம். வலமும் இடமுமாக அவள் என்னோடு சரியாகச் சாய்ந்திருக்கிறாள். மூன்றையும் நான் கூவவே இல்லை.

"தாண்டிட்டோம். சொல்ல மறந்துட்டேன்" என்றேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

அவள் பின்சீட்டிலிருந்து இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி, நெற்றி வியர்வையைத் துடைத்து, மலை இருந்த பக்கமாக முகத்தைத் திருப்பினாள்.

"இந்த ரோடு போட்டவங்களுக்கு அப்படி என்னக்கா அவசரம்?" என்றாள். "பதினெட்டோட நிறுத்திட்டாங்க."